பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால்: பாத்ரூம், ஸ்டோர் ரூம், அலமாரிச் சுவர்களில் ஓதம்

எங்கள் வீட்டுப் பாத்ரூம் ஐந்தடிக்கு ஏழடி, உயரம் ஒன்பதடி. மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடி. குடிவந்த நான்கு வருடத்தில் டைல்ஸுக்கு மேலே இருக்கும் இரண்டடிச் சுவருக்கும் சீலிங்குக்கும் மூன்று முறை பெயிண்ட் அடித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் வந்த பெயிண்டர் முந்தின பெயிண்டரைத் திட்டினார், சுரண்டினார், பட்டி (பெயிண்டுக்கு அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) பார்த்தார், இரண்டு கோட் அடித்தார், காசு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி உரிந்தது. மூன்றாவது முறை உரிந்தபோதுதான் கீழே விழுந்துகிடந்த ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, விரலால் தேய்த்தால் இழைத்த சந்தனம் மாதிரி குழைந்தது. பெயிண்டின் மேல் ஒரு தப்பும் இல்லை, அது பிடித்துக்கொண்டிருந்த பட்டிதான் ஊறிப்போயிருந்தது.

அன்றிலிருந்து சொந்தக்காரர் வீடு, நண்பர் வீடு என்று எங்கே போனாலும் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன் (வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குவது தனிக்கதை). ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது: ஈரம் சுவருக்குள்ளிருந்து வெளியே வருகிறதா, இல்லை அறைக் காற்றிலிருந்து சுவர்மேல் படிகிறதா என்று கண்டுபிடிக்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. முதலாவது ஒழுகலோ உறிஞ்சலோ, அதற்குப் பிளம்பரும் கொத்தனாரும் வேண்டும். இரண்டாவது காற்றோட்டப் பிரச்சினை, அதற்கு ஃபேனும் ஜன்னலும் போதும். ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் காசு போவதோடு சுவரும் இன்னும் கெடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் தாள். பால் கவரைப் பிரித்துக் கழுவி ஒட்டினால்கூடப் போதும். ஓதம் தெரிகிற இடத்தில் உதிரும் பெயிண்டைத் தட்டிவிட்டு, துணியால் துடைத்து, அரை நாள் காயவிட்டு, நான்கு ஓரத்திலும் இடைவெளி இல்லாமல் பிரவுன் டேப்பால் ஒட்டுங்கள். செல்லோ டேப் ஈரச் சுவரில் நிற்காது, காலையில் பார்த்தால் தரையில் கிடக்கும். இரண்டு நாள் விட்டுவைத்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் நனைந்திருந்தால், சரி, உங்களுக்கு இரண்டு செலவும் இருக்கிறது.

இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சித்திரை வெயிலில் ஒட்டினால் எந்தச் சுவரும் காய்ந்துதான் காட்டும். கார்த்திகையில் மழை நின்ற மறுநாளோ, வீட்டில் நான்கு பேர் வெந்நீரில் குளித்த நாளிலோ ஒட்டினால்தான் அது சோதனை.

தாளை ஒட்டிய அன்றே இன்னொன்றும் பார்த்துவிடலாம். ராத்திரி படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, யாரையும் தண்ணீர் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனி வீடு என்றால் மொட்டைமாடித் தொட்டியில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கலாம். காலையில் எண் நகர்ந்திருந்தாலோ மட்டம் இறங்கியிருந்தாலோ எங்கேயோ தண்ணீர் போகிறது. ஒழுகுகிற ஃப்ளஷ் டேங்க்கும் இப்படித்தான் காட்டும், அதனால் அதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகப்படுங்கள். இதில் பிடிபடாதது டிரெயின் (கழிவுநீர் போகும் குழாய்) பக்கத்து ஒழுகல், அது குழாய் திறந்தால்தான் ஒழுகும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஈரச் சுவரில் சுவிட்சோ கீசர் பிளக்கோ இருந்து, தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அந்த இணைப்பின் எம்சிபியை (மின்பெட்டியில் இருக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சீலிங் மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் கரும்புள்ளி

மிளகுத்தூளைத் தூவிய மாதிரி ஆரம்பிக்கும், ஒரு மழைக்காலத்தில் கைக்குட்டை அளவுக்குப் பரவும். பூசணம்தான், ஆனால் சந்தேகம் இருந்தால் ஒரு துளி பிளீச் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூசணம், அப்படியே கருப்பாக நின்றால் கரியோ அழுக்கோ. பூஜை அறையில் இந்தச் சோதனை ரொம்ப முக்கியம், ஏனென்றால் அங்கே தினமும் கற்பூரமும் எண்ணெய் விளக்கும் விடும் கரி குளிர்ந்த மூலையில்தான் போய்ப் படியும், பார்வைக்குப் பூசணம் மாதிரியே இருக்கும். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும்.

பூசணம் என்றால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், விதை மாதிரி வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க், கையுறை, ஜன்னலைத் திறந்துவைத்தல், இது மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 மில்லி வீட்டுப் பிளீச் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு, சுத்தமான தண்ணீரால் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். அதே பாத்ரூமில், அதே நாளில், தரை கழுவும் ஆசிட் பாட்டிலைத் தொடக் கூடாது. பிளீச்சோ பிளீச்சிங் பவுடரோ ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஐந்தடிக்கு ஏழடி அறையில் அது விளையாட்டு இல்லை. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள், நிறைய வீடுகளில் இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

துடைத்தாயிற்று. காற்றை மாற்றாவிட்டால் அடுத்த மாதமே மறுபடி வரும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். வெந்நீர் குளியலில் நிரம்பிய ஆவி, குளிர்ந்த சீலிங்கைத் தொட்டதும் மிச்சத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடும். மூலைகளில் காற்று அசையாததால் அங்கே காயவும் தாமதமாகும். அதனால்தான் எப்போதும் மூலையில் ஆரம்பிக்கிறது.

"எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே சார்" என்று சொல்வீர்கள். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆறு அங்குல ஃபேன். ஒரு மணி நேரத்தில் எட்டு முறையாவது பாத்ரூம் காற்று முழுதாக மாற வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் பாத்ரூமின் 315 கன அடிக்கு அது நிமிடத்துக்கு 42 கன அடி, ஆறு அங்குல ஃபேனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் கண்ணாடி அரை மணி நேரம் பனி மூடியே இருந்தது. ஒரு கிழிந்த தினத்தாள் துண்டை ஃபேன் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் லேசாக ஆடிவிட்டு விழுந்தது. கதவை ஒரு விரற்கடை திறந்தேன், சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. விஷயம் அவ்வளவுதான். கதவுக்குக் கீழே இடைவெளியே இல்லை, தண்ணீர் ஹாலுக்கு வரக் கூடாது என்று ரப்பர் பட்டை வேறு ஒட்டியிருந்தோம். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? பட்டையைப் பிடுங்கி, கதவின் கீழ் ஓரத்தை முக்கால் அங்குலம் அறுத்தோம். அதற்கு ஆசாரி வாங்கிய கூலி ஒரு பெயிண்ட் வேலையின் மூலைக்குக்கூடக் காணாது.

அப்புறம் ஃபேனின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஷட்டர் தகடுகள் தூசியில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் இருக்கும், அல்லது புறா கூடு கட்டியிருக்கும். அடுக்குமாடியில் பாத்ரூம் ஜன்னல் பெரும்பாலும் டக்ட்டை, அதாவது குழாய்கள் இறங்கும் குறுகலான சந்தைப் பார்த்துத்தான் இருக்கும். அந்த டக்ட்டின் மேல்வாயை மழை வரக் கூடாது என்று மொட்டைமாடியில் யாராவது தகரம் போட்டு மூடியிருந்தால், எல்லா வீட்டு ஆவியும் அதற்குள்ளேயே சுற்றி உங்கள் ஜன்னல் வழியாகவே திரும்பி வரும். எங்கள் கட்டடத்தில் தகரத்தை எடுக்க வேண்டாம் என்று அசோசியேஷனில் இரண்டு கூட்டம் நடந்தது, கடைசியில் நாலு மூலையிலும் செங்கல் கொடுத்து ஒரு அடி தூக்கி வைத்தார்கள். மழையும் வரவில்லை, காற்றும் போகிறது.

குளித்து முடித்த பிறகு 20 நிமிடமாவது ஃபேன் ஓடட்டும். டைமர் சுவிட்ச் போட்டுவிட்டால் வீட்டில் யாரையும் நச்சரிக்க வேண்டாம். வைப்பரால் டைல்ஸைத் தள்ளிவிட்டு வந்தால் காய வேண்டிய தண்ணீர் நிறையக் குறையும்.

புதுப் பெயிண்டில் பழுப்பு நிறமாக வழிந்த கோடு, தொட்டால் பிசுபிசுப்பு

இதற்குப் பயந்து பெயிண்டரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். எமல்ஷன் பெயிண்டுக்குள் நீரில் கரையும் சில பொருட்கள் இருக்கும். பெயிண்ட் நன்றாக இறுகும் முன் ஆவி பட்டால் அவை மேலே வந்து வழிந்து கோடு போடும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும், இரண்டு மூன்று தடவை திரும்ப வரும், அப்புறம் நின்றுவிடும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

கொப்புளம், செதில், தட்டினால் பொத்தென்ற சத்தம்

ஒரு கொப்புளத்தைப் பிளேடால் கீறித் திறந்து பாருங்கள். பெரும்பாலோர் இதைச் செய்ய மனம் வராமல் மேலேயே பட்டி வைத்து மூடிவிடுகிறார்கள். திறந்த செதிலின் பின்பக்கம்தான் எந்த இடத்தில் கைவிட்டது என்று சொல்லும்.

பின்பக்கம் சுத்தமாக, வழவழவென்று, பழைய பெயிண்டின் நிறம் அடியில் அப்படியே தெரிந்தால், எனாமல் மாதிரி பளபளப்பான பழைய பூச்சின் மேல் தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள். ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. உப்புத்தாளால் பளபளப்பை எடுத்துவிட்டு அடித்தால் நிற்கும்.

பின்பக்கம் வெள்ளைப் பட்டி ஒட்டிக்கொண்டு வந்து, அது மாவாக உதிர்ந்தால் பட்டிதான் ஊறியிருக்கிறது. இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: போட்டது சிமென்ட் பட்டியா, பிஓபியா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம். அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ஈரம் பட்டால் இளகும். ஹாலுக்கு அழகு, பாத்ரூமுக்கு ஆகாது. பெயிண்டர்கள் ஹாலில் மிஞ்சினதைப் பாத்ரூமில் போட்டு முடிப்பது உண்டு, எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். முழுதாகச் சுரண்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை. பாதியைவிட்டுப் பாதியில் வெள்ளைச் சிமென்ட் பட்டி வைத்தால் சேரும் கோட்டில் விரிசல் விடும்.

பட்டியோடு மணலும் சேர்ந்து வந்தால் சிமென்ட் பூச்சே கைவிட்டிருக்கிறது. சாவிக்கொத்தால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்ற சத்தம் பொத்தென்று மாறும் இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். அந்த வட்டம் முழுதையும் கொத்தி எடுக்க வேண்டும்.

கொப்புளத்துக்குள் தண்ணீரே இருந்தால், கீழே அடுத்த அறிகுறியைப் படியுங்கள் என்று சொல்வதற்கு முன் ஒன்று. எனாமலோ ரப்பர் மாதிரியான ஈரத்தடுப்புப் பூச்சோ அடித்த சுவரில்தான் இப்படி நீர்க்கொப்புளம் அதிகம் வரும். சுவர் உள்ளே ஈரமாக இருக்கிறது, வெளியே வரப் பார்க்கிறது, நீங்கள் பிளாஸ்டிக் பை போட்டு வாயைக் கட்டிவிட்டீர்கள். அது வேறு பக்கமாக, பெரும்பாலும் படுக்கையறைப் பக்கமாக, வெளியே வரும்.

படுக்கையறைச் சுவரின் அடியில் வெள்ளைப் பூ பூத்து உதிர்கிறது, அந்தப் பக்கம் பாத்ரூம்

நம்மூர் ஃபிளாட்டுகளில் அதிகமாகப் பார்க்கும் வியாதி இது. டைல்ஸ் போட்ட பக்கம் பார்க்க ஜோராக இருக்கும். மறுபக்கம் கட்டில் தலைமாட்டில், ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு அடி இரண்டு அடி உயரத்துக்குப் பெயிண்ட் வீங்கி, விரல் வைத்தால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ உதிரும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், உப்புதான். செங்கல்லிலும் மணலிலும் கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரிலும் இருந்த உப்பு, ஊடுருவும் நீரில் கரைந்து, சுவரின் மேல்பரப்புக்கு வந்து, நீர் காய்ந்ததும் படிகமாகிறது. படிகம் வளரும்போது பெயிண்டையும் பட்டியையும் தள்ளிவிடுகிறது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே செய்தித்தாள் விரித்து வாரி எடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் டைல்ஸ் இடுக்கு. சுவரும் தரையும் சேரும் கோட்டில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, இடுக்கில் ஒரு குண்டூசியை இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஊசி கால் அங்குலம் உள்ளே போயிற்று. காரணம் வேறு யாருமில்லை, நாங்களேதான். மாதாமாதம் பாத்ரூமை ஆசிட் ஊற்றிப் பளிச்சென்று கழுவியதில் இடுக்கில் இருந்த சிமென்ட் கரைந்துவிட்டது. சிமென்ட்டுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. பழைய கிரவுட்டைச் (இடுக்கை அடைக்கும் கலவையை) சுரண்டி எடுத்து, இரண்டு நாள் காயவைத்து, எபாக்ஸி கிரவுட் போட்டோம். விலை கூடுதல், கை வேகமாக இல்லாவிட்டால் டைல்ஸ்மேல் ஒட்டிக்கொண்டு கறையாகும், ஆனால் தண்ணீரையும் ஆசிட்டையும் தாங்கும்.

அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் குளம் கட்டும் சோதனை. தரை டிரெயினைத் துணிமூட்டையால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஓரத்தில் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டால் மறுபக்கத்திலோ கீழ்வீட்டுச் சீலிங்கிலோ வெளிவரும் இடம் சுலபமாகத் தெரியும் (கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீலக் கறையைப் பார்த்துவிட்டு ஏறி வந்தால் நட்பு கெடும்). மட்டம் இறங்கினால் தரைக்கு அடியில் நீர்த்தடுப்பு போயிருக்கிறது. ஃபிளாட் பாத்ரூம்கள் பலவற்றில் தரைக்குக் கீழே பள்ளமாக ஸ்லாப் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பி, அதற்குள் குழாய் ஓடும். அந்தப் பள்ளம் ஒருமுறை நிரம்பிவிட்டால் தொட்டி மாதிரிதான், மாதக்கணக்கில் சுவர் வழியாக உறிஞ்சி ஏறும். தரையை உடைக்காமல் மேலே ரசாயனம் ஊற்றிச் சரிசெய்கிறோம் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் அப்படிச் செய்து இரண்டு வருடம் கழித்து உடைத்தார்கள்.

தண்ணீரை நிறுத்திய பிறகு படுக்கையறைப் பக்கம்: ஈரக்கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி, செங்கல் தெரிய விட்டுவிடுங்கள். பார்க்கச் சகிக்காது. ஒரு மாதமாவது, முடிந்தால் இரண்டு மாதம் அப்படியே இருக்கட்டும். கட்டிலை இழுத்துப் போட்டு டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள். ஈரக்கோட்டின் உச்சியில் பென்சிலால் தேதி எழுதி வைத்தால் அது இறங்குகிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்கலாம். கோடு ஏறினால் கொத்தனாரை நிறுத்திவிட்டுப் பிளம்பரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

தரைத்தளத்தில், பாத்ரூம் பக்கத்தில் இல்லாத சுவரிலும், சுற்றிலும் ஒரே உயரத்தில் இந்தப் பூ பூத்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம், பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். அது தனிக் கதை, அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு இருக்கிறதா என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. ஒழுகல் எல்லாம் அடைத்து, வெயில் காலம் முழுக்கக் காய்ந்து கிடந்த சுவர், மேகம் மூடிய நாளில் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுத்து ஈரமாகத் தெரியும், வெயில் வந்ததும் மறையும். எங்கும் ஒழுகவில்லை. பழைய ஈரம் விட்டுப்போன உப்பு, காற்றிலிருந்து நீரை இழுக்கிறது. அடுக்களையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். உப்பேறிய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால்தான் போகும்.

அலமாரிக்குள் வாடை, பீரோ பின்னால் பூசணம், ஸ்டோர் ரூம் சுவர் சில்லென்று இருக்கிறது

இங்கே வெந்நீரும் இல்லை, குழாயும் இல்லை. எங்கள் ஸ்டோர் ரூம் நான்கடிக்கு ஐந்தடி, ஜன்னல் கிடையாது. படுக்கையறைக்கும் அதற்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர். தாள் சோதனையில் வெளிப்பக்கம் நனைந்தது. ஒரு வாரம் குழம்பிவிட்டு, ஒருநாள் காலை எழுந்தவுடன் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி சில்லென்று வேர்த்திருந்தது. மறுபக்கம் ராத்திரி முழுக்க ஏசி 22-ல் ஓடியிருக்கிறது, காற்று நேராக அந்தச் சுவரில் அடிக்கிறது. சென்னையில் புழுக்கமான ராத்திரியில் மூடிய அறைக்குள் 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கலாம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீர் கோத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒழுகல் இல்ல, சுவத்துக்கு வேர்க்குது. வேர்க்கறவனுக்குச் சட்டை மேல சட்டை போட்டா சரியாயிடுமா?" என்றார். மூன்று பெயிண்டர்கள் சொல்லாததை அவர் சொன்னார்.

செய்தது: ஏசியை 26-ல் வைத்து சீலிங் ஃபேனையும் ஓடவிட்டோம், காற்றின் திசையை அந்தச் சுவரிலிருந்து திருப்பினோம். ஸ்டோர் ரூம் கதவின் மேலும் கீழும் காற்றுப்போக்கிப் பலகை வைத்தோம். அலமாரிகளைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் போட்டோம். அரிசி மூட்டையும் பழைய புத்தகக் கட்டும் தரையில் இல்லாமல் பலகைமேல் போயின. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி ஆணியில் மாட்டினேன். 60-க்குக் கீழே இருந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம் இல்லை. 80-ஐத் தொட்டால் அன்று கதவைத் திறந்துவிட்டு டேபிள் ஃபேன்.

அலமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் சின்ன அடைப்புக்கு உதவும், அறைக்கு உதவாது. அவற்றில் பலவற்றில் கால்சியம் குளோரைடு இருக்கிறது, நீரை இழுத்துக் கரைந்து அடியில் தண்ணீராக நிற்கும். அது கவிழ்ந்து மரத்தில் பட்டால் அந்த இடம் எப்போதும் ஈரமாகவே இருக்கும், மேல்தட்டில் வைக்காதீர்கள். அடுப்புக்கரியை மூட்டை கட்டி வைப்பது வாடைக்கு நல்லது, ஓதத்துக்குப் பெரிதாக இல்லை. பாட்டி காலத்தில் நீற்றாத சுண்ணாம்புக் கல்லைச் சட்டியில் வைப்பார்கள், அது நிஜமாகவே ஈரத்தை இழுக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது "காத்தோட்டமா இருக்கட்டும்" என்று ஸ்டோர் ரூமைத் திறந்துவைப்பதும் தப்பு. வெளியே 90 சதவீதம் இருக்கும்போது உள்ளே வருவது ஈரம்தான். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் மதியம் திறங்கள்.

வால்பேப்பர், பிவிசி பலகை ஒட்டி மறைத்த சுவர்

இதைப் பற்றி நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. ஏசி அறையில் வினைல் வால்பேப்பர் ஒட்டினால், வெளிச்சுவர் வழியாக வரும் ஈரம் குளிர்ந்த வினைலின் முதுகில் போய் நின்றுவிடும். பசையே பூசணத்துக்குச் சாப்பாடு. மேலே இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் பின்னால் விளைச்சல் நடக்கிறது என்று அர்த்தம். ஒரு மூலையை உரித்துப் பாருங்கள், உரிக்க மனம் வராவிட்டால் முகர்ந்து பாருங்கள். பிவிசி பலகையும் அப்படியே. கறை கண்ணில் படாமல் இருக்கும், அவ்வளவுதான் அதன் பலன்.

சரி, காரணம் பிடிபட்டு, சுவரும் காய்ந்துவிட்டது, இனி பெயிண்ட்

தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள், இரண்டு நாளில் உள்பக்கம் சொட்டு நீர் இல்லை என்றால் ஆரம்பிக்கலாம். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் 28 நாளாவது போகட்டும். அதுவரை அதில் காரம் அதிகம், பெயிண்டைத் தின்றுவிடும். காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட், மெல்லிசாகச் சிமென்ட் பட்டி, மறுபடி பிரைமர், அப்புறம் பூஞ்சைத் தடுப்பு உள்ள எமல்ஷன் இரண்டு கோட். பட்டியின் மேல் பிரைமர் இல்லாமல் நேராகப் பெயிண்ட் அடிப்பதுதான் பெயிண்டர்கள் ஒருநாள் கூலியை மிச்சம் பிடிக்கும் இடம், பக்கத்திலேயே நில்லுங்கள். பாத்ரூம் சீலிங்கில் நான் பட்டியே வைக்கவில்லை, சொரசொரப்பாகவே விட்டுவிட்டேன். யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

ஸ்டோர் ரூமுக்குப் பெயிண்டே அடிக்கவில்லை. பழைய பூச்சை முழுதாகச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் லேசில் வராது, சுவர் ஈரத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடும். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்னும் கண்ணாடி மாதிரி இருப்பதைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்மால் அது முடியாது, வெறும் வெள்ளையடிப்பு முடியும். தோள் உரசினால் சட்டையில் ஒட்டும். ஒட்டாமல் இருக்க வஜ்ஜிரப் பசை கலக்கச் சொல்வார்கள், பூசணம் இருந்த அறையில் கலக்காதீர்கள், அதையே அது தின்னும்.

எப்போது அடிப்பது என்பதில் எல்லோருமே தப்பு செய்கிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் பழக்கம், சுண்ணாம்புக்கு அது சரி, கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தாலும் தாங்கும். இப்போது அதே மார்கழிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை முழுக்கக் குடித்து நிற்கும் சுவரில், எமல்ஷனைக் கொண்டுபோய் அடித்துச் சாத்திவிடுகிறோம். தீபாவளிக்கு அடிப்பது அதைவிட மோசம், மழை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. மாசி, பங்குனி, சித்திரைதான் சென்னையில் சுவர் காயும் காலம்.

அடித்து முடித்ததும் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், அந்தப் பாத்ரூமில் வெந்நீரில் குளிக்காதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் இன்னொரு பாத்ரூமில் வரிசையில் நின்றோம். மாமியார் மட்டும் நான்காம் நாளே, "சுவருக்குப் பத்தியமா, எனக்கா?" என்று கேட்டுவிட்டு இரண்டு வாளி வெந்நீரோடு உள்ளே போனார். வழிந்த பழுப்புக் கோட்டை மூன்று முறை துடைத்துவிட்டேன், கீசருக்குப் பின்னால் துணி எட்டாத இடத்தில் மட்டும் ஒன்று இன்னும் இருக்கிறது.